எட்டு எலும்பு உள்ள விரல்

செல்லக்கனி முதன்முதலில் ஓங்கலைப் பார்த்தது 1984 டிசம்பரில், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தின் சிமெண்டுத் தரையில். ராஜபாளையத்திலிருந்து கல்லூரிச் சுற்றுலாவாகப் போயிருந்த விலங்கியல் மாணவிகள் நாங்கள் இருபத்திரண்டு பேர். எங்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே அன்றைக்குத்தான். பாடப்புத்தகத்தில் டால்பின் என்று படித்ததை அங்கே ஓங்கல் என்றார்கள்.

அது செத்துக் கிடந்தது. ஏழடி இருக்கும். சாம்பல் நிறத் தோலில் வலை அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அதன் வாயின் அமைப்பே சிரிப்பது போல இருந்தது. கண்கள் மூடவில்லை. ஒருவர் கத்தியால் வயிற்றைக் கீறினார். கெட்டியாக, கருஞ்சிவப்பாக ரத்தம் வழிந்து எங்கள் செருப்பு வரைக்கும் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். செல்லக்கனி மட்டும் நகரவில்லை. பயப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் இரண்டு வளையல்கள் உடைந்தன. பிடியை விடாமலே, ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது மாதிரி மாசத்துக்கு எம்புட்டு வரும்?"

"அத யாரு எண்ணுதா?" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பாட்டுப் பாடவில்லை, முறுக்குத் தின்னவில்லை. கோவில்பட்டி தாண்டியதும் என் காதருகே வந்து, "யாருமே எண்ணலையாம் ஜெயபாய்" என்றாள். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவள் போல.

எங்கள் வகுப்பிலேயே ரொம்பப் பயந்த பிள்ளை அவள்தான். செமினார் வாசிக்கச் சொன்னால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். அப்பா வேலுசாமி பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா இசக்கியம்மாள் வீட்டை விட்டுத் தெருமுனைக்குப் போனாலும் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவர். அந்த வீட்டுப் பிள்ளை கடலுக்குப் போகும் என்று யாரும் சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

நான் பி.எட். முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அவள் எம்.எஸ்ஸி. முடித்தாள். 1988இல் தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், வலையில் சிக்கிச் சாகும் கடல் பாலூட்டிகளைப் பற்றி ஆராய ஓர் இடம் கிடைத்தது. வேலுசாமி அன்று ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கடலுக்கும் நமக்கும் என்ன தாயி சம்பந்தம்? ஜெயபாய் மாதிரி டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு."

"அங்க யாரும் எண்ணலப்பா."

"எண்ணி என்ன செய்யப் போற?"

அவர் மறுநாள் அவளோடு பஸ் ஏறி, பெண்கள் விடுதியின் வார்டனைப் பார்த்து, ஜன்னல் கம்பிகளை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

விடியும் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய் நிற்பதுதான் அவள் வேலை. வள்ளங்கள் கரைக்கு வரும். ஓங்கல் இருந்தால் நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, வயிற்றில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவளைக் கண்டதும் ஓங்கலின் மேல் சாக்கை இழுத்து மூடிவிடுவார்கள். அதைப் பிடித்தால் ஜெயில் என்று ஒரு பேச்சு கரையில் பரவியிருந்தது. வேண்டுமென்று யாரும் பிடிக்கவில்லை. பெரிய கண்ணி வைத்த பருவலையைக் கடலில் மிதக்க விட்டால் சீலா, சூரை மீன்களோடு அதுவும் மாட்டிக்கொள்ளும். மூச்சு வாங்க மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே செத்துப் போகும்.

"நீ எழுதுத நோட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவுது?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் மீன் குடலை அவள் காலடியில் வீசுவார். ஒருநாள் யாரோ பின்னாலிருந்து நோட்டைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்துவிட்டார்கள். ஏழு மாதக் கணக்கு அதில் இருந்தது. அவள் பக்கத்துக் கோவில் படியில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தாளாம். மறுநாள் புது நோட்டோடு போய் அதே இடத்தில் நின்றாள்.

அவளிடம் முதலில் பேசியவர் ஞானதுரை என்ற வள்ளக்காரர். நாற்பத்தைந்து வயது. அதிகம் பேசாதவர்.

"தங்கச்சி, நீ எழுதிக்கோ. ஆனா எந்த வள்ளம், யாரு வலைன்னு மட்டும் எழுதக் கூடாது."

"எழுத மாட்டேன் அண்ணாச்சி. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நடந்தது. ஒவ்வொரு வள்ளமாகச் சாக்கை விலக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். அவள் ஒழுங்காக எண்ணத் தொடங்கினாள்.

1992 ஜனவரியில் ஞானதுரையின் வலையிலேயே ஒரு பெரிய ஆண் ஓங்கல் வந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. முழு எலும்புக்கூடாக எடுத்து வைக்கலாம். தலையைத் தனியாக நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பல்லைச் சீவிப் பார்த்தால் வயது தெரியும். உடம்பைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மண்ணில் புதைத்துச் சதை மக்கினால்தான் எலும்பு சுத்தமாகக் கிடைக்கும். நிலையத்து வளாகத்தில் நாற்றம் வரும் என்று மறுத்துவிட்டார்கள். கடற்கரை மணலில் முன்பு புதைத்த ஒன்றை அலை கொண்டுபோயிருந்தது.

வேலுசாமி அதற்குள் மில்லிலிருந்து ஓய்வு பெற்று, வத்திராயிருப்பில் தன் பங்குக்கு வந்த சின்னத் தென்னந்தோப்பில் இருந்தார். ராஜபாளையத்துக்கு வாரம் ஒருமுறை வந்து போவார். செல்லக்கனி உடம்பைத் துண்டுகளாக்கி, உப்புப் போட்டுச் சாக்குகளில் கட்டி, ராஜபாளையம் சந்தைக்குப் போகும் கருவாட்டு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தாள். கருவாட்டு நாற்றத்தில் இந்த நாற்றம் தெரியாது. அங்கிருந்து வத்திராயிருப்புக்குக் கொண்டுபோய், அப்பாவும் மகளுமாகத் தோப்பின் கடைசியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். நிலையத்தில் அவள் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவளும் மறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர் ஒருவர் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போதே சொன்னார்:

"வேலுசாமின்னு ஒருத்தர் தோப்புல நாய் ஒரு கையக் கவ்விக்கிட்டு வந்துருக்கு. மனுசக் கை. ஊரே அங்கதான் நிக்குது."

பக்கத்துச் சிற்றூரில் முத்துப்பேச்சி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பதினோரு நாளாகக் காணவில்லை. மில் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் படத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்தார்கள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். செல்லக்கனி லைனுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். 

"துடுப்பு" என்றாள். "அது ஓங்கலோட துடுப்பு. உள்ள அஞ்சு விரல் இருக்கும் ஜெயபாய். கை மாதிரியேதான் இருக்கும். எங்கப்பாவ என்ன செஞ்சாங்க?"

"தெரியல. உடனே வா."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் வந்து இறங்கும்போது மதியம் ஒரு மணி. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். இரண்டு பேரும் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினோம். கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் முன் சீட்டில் பேச்சு ஆரம்பித்தது.

"வெட்டித் துண்டுதுண்டாப் பொதச்சிருக்கான் பாரு."

"அந்த மில்லுப் பிள்ளதானாம். அவ அம்மா பாத்தவுடனே மயங்கிட்டாளாம்."

"தோப்புக்காரன் என்ன சொல்லுதான்?"

"மீன் எலும்புங்கிறானாம். மீனுக்குக் கை இருக்குமாய்யா?"

பஸ்ஸே சிரித்தது. "மரத்துல கட்டி வச்சிருக்காங்களாம். போலீசு கொண்டுபோறதுக்குள்ள முடிச்சிருவானுவ" என்றார் கடைசி சீட்டில் ஒருவர். செல்லக்கனி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். நாங்கள் யார் என்று அந்த பஸ்ஸுக்குள் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பிஸ்கட் டின்னை அவள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். உள்ளே ஏதோ கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. ரோடு மோசம் என்று நினைத்தேன். பஸ் நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

தோப்பில் இருநூறு பேர் இருப்பார்கள். வேலுசாமியை யாரும் கட்டவில்லை. மோட்டார் அறை வாசலில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. மகளைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்த, போயிரு தாயி" என்று கையை ஆட்டினார். அந்தச் சொல்லில்தான் நாங்கள் யார் என்று கூட்டத்துக்குத் தெரிந்தது. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டடி விலகி நின்றார்கள்.

எஸ்.ஐ. ஐயாதுரை மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரசு டாக்டருக்கு ஆள் அனுப்பியிருப்பதாகவும், அவர் வந்து பார்க்கும்வரை குழியைத் தோண்டக்கூடாது என்றும் சொன்னார். அவருக்கு முன்னால் விரித்த உரச்சாக்கின் மேல் அது கிடந்தது.

நான் விலங்கியல் படித்தவள். எனக்கே அது கைதான். மணிக்கட்டு, அதிலிருந்து பிரியும் விரல்கள், காய்ந்து கறுத்த தோல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு. பக்கத்தில் முத்துப்பேச்சியின் அம்மா சுடலைமாடத்தி, அந்தச் சாக்கின் ஓரத்தைத் தன் மடியில் இழுத்து வைத்து உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. இரண்டு தடவை எழுந்திருக்கச் சொல்லியும் எழவில்லையாம்.

செல்லக்கனி எஸ்.ஐ.யிடம் ஏதோ சொல்ல முயன்றாள். குரல் வரவில்லை. சுற்றிலும் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அவள் சட்டென்று சுடலைமாடத்தியின் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, செத்த நேரம் எனக்குக் காட்டுங்க."

"தொடாத. எம்பிள்ள கை."

"தொடல. எண்ண மட்டும் செய்றேன். நீங்களும் எண்ணுங்க. ஒங்க வெரல மடக்கிப் பாருங்கம்மா. ஒரு வெரல்ல எம்புட்டு எலும்பு இருக்கு?"

அந்த அம்மாள், சொன்னதைச் செய்யும் பிள்ளை மாதிரி, தன் ஆள்காட்டி விரலை மடக்கித் தடவிப் பார்த்தார்.

"மூணு."

"இந்த வெரல எண்ணுங்க."

இரண்டாவது விரலைக் காட்டினாள். சுடலைமாடத்தி எலும்பைத் தொடாமல், மேலே காற்றில் விரலை நகர்த்தி எண்ணினார். நாலு வந்ததும் நிறுத்தினார். கண்ணைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினார். கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்களும் குனிந்து எண்ண ஆரம்பித்தார்கள். அஞ்சு, ஆறு, ஏழு.

"எட்டு" என்றார்.

"அடுத்ததுல ஆறு இருக்கும். ஓரத்துல ஒண்ணுதான் இருக்கும். மனுசருக்கு எந்த வெரல்லயும் மூணுக்கு மேல கிடையாதும்மா. இது ஒங்க பிள்ள இல்ல."

அமைதியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல், "எலும்ப ஒட்ட வச்சு ஏமாத்துதா! அப்பனும் மகளும் சேந்து செஞ்ச வேல!" என்றது. அடுத்து ஒரு கல் வந்து அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது கல் தென்னை மரத்தில் பட்டுத் தெறித்தது. எஸ்.ஐ. லத்தியைத் தூக்கிக்கொண்டு கத்தினார். நான் அவள் மேல் கவிழ்ந்தேன். என் கைக்குக் கீழிருந்தபடியே அவள் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே ஓர் அட்டையில், கம்பியால் வரிசையாகக் கட்டிய வேறொரு துடுப்பின் எலும்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மசியில் எண் எழுதியிருந்தாள். அதைச் சாக்கின் மேல் இருந்ததற்குப் பக்கத்தில் வைத்தாள். எஸ்.ஐ. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே அச்சா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். பார்த்த உடனேயே மனித எலும்பு இல்லை என்றார். ஆனாலும் குழியை முழுக்கத் தோண்டச் சொன்னார். மண்வெட்டி விழும் ஒவ்வொரு தடவையும் செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே இருப்பது தன் ஓங்கல்தான் என்று தெரிந்தவளுக்கே, வேறு எதுவும் வந்துவிடுமோ என்று பயம். நீளமான முதுகெலும்பு வந்தது. விலா எலும்புகள் வந்தன. இடுப்பு இல்லை, கால் இல்லை. டாக்டர் கூட்டத்தைப் பார்த்து, "காலே இல்லாத உடம்பு, பாத்துக்கோங்க" என்றார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கல் எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

சுடலைமாடத்தி மட்டும் போகவில்லை. காலிச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு செல்லக்கனியிடம் வந்தார்.

"அப்போ எம்பிள்ள எங்க தாயி?"

அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் எலும்பு என்பதால் எஸ்.ஐ. வனத்துறைக்குத் தெரிவித்தார். மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வன அலுவலகத்தில் ரேஞ்சர் முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். தேதி, நீளம், எடை எல்லாவற்றையும் அவள் நோட்டிலிருந்து சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார்:

"சரிம்மா, இதை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். நேற்று மாதிரியே குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தாள். அப்போதும் வரவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, வாக்குமூலத் தாளிலேயே எழுதினாள்: 'வலையில் இறந்தது. எடுத்தவள் நான். கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.'

ரேஞ்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா கேஸ் உங்க மேல மட்டும்தான் வரும். வேலை போகும். ஜெயில்கூட உண்டு. யோசிச்சுக்கோங்க."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதியதை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் போட்டு, தேதியை எழுதினாள்.

நிலையத்திலிருந்து மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். இரண்டரை மாதம் ராஜபாளையத்து வீட்டில் இருந்தாள். தபால்காரர் சைக்கிள் தெருவில் நுழைந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். இசக்கியம்மாள் பகலிலும் கதவைப் பூட்டினார். "எலும்பு வீடு" என்று பிள்ளைகள் ஓடிக்கொண்டே கத்திவிட்டுப் போவார்கள். வேலுசாமி தோப்பில் தனியாக இருந்தார். யாரும் அவரிடம் இளநீர் வாங்கவில்லை. மகளிடம் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாராம்.

"அந்தப் பேரச் சொல்லிட்டா விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்கப்பா."

"சொல்லப் போறியா?"

"இல்ல."

"எனக்குப் பயமா இருக்கு தாயி."

"எனக்கும்தாம்ப்பா."

அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் சுடலைமாடத்தி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். காபி கொடுத்ததைத் தொடவில்லை. "நீ நல்லாத்தான் எண்ணுனியா தாயி? நான் எண்ணும்போது எட்டுன்னு வந்துச்சு. ஆனா எனக்கு அப்போ கண்ணு சரியாத் தெரியல. ராத்திரிக்கு ராத்திரி திருப்பித் திருப்பி எண்ணிப் பாக்கேன், சில சமயம் மூணுதான் வருது" என்றார். செல்லக்கனி உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, தான் வரைந்து வைத்திருந்த துடுப்பின் படத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் காபியைக் குடித்தார்.

மே முதல் வாரத்தில் முத்துப்பேச்சியிடமிருந்து கடிதம் வந்தது. கூட வேலை பார்த்த பையனோடு திருப்பூர் போய்க் கல்யாணம் செய்திருக்கிறாள். பயந்துகொண்டு எழுதாமல் இருந்தாளாம். சுடலைமாடத்தி கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் பள்ளிக்கு வந்து, என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று தடவை படித்தேன்.

மாத இறுதியில் செல்லக்கனிக்கும் உத்தரவு வந்தது. ஆராய்ச்சிக்காக எடுத்தது, விற்கவில்லை என்பதால் வழக்கு இல்லை. எழுத்துமூலம் எச்சரிக்கை. எலும்புகளை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மீண்டும் வேலையில் சேரலாம். இசக்கியம்மாள் அன்றைக்கு அழுதது சந்தோஷத்திலா, மகள் மறுபடி கடலுக்குப் போகிறாளே என்றா, எனக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் அவளுக்காக வேறொன்று காத்திருந்தது. பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. கரையில் ஒருவர்கூட அவளோடு பேசவில்லை. சாக்குகள் மறுபடி மூடிக்கொண்டன. வனத்துறை எந்த நேரமும் வரும் என்று வள்ளக்காரர்கள் பயந்தார்கள். அவர்கள் பயப்படுவதைப் பார்த்து இவளுக்குப் பயம். எட்டு நாள் சும்மா நின்றுவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் ஞானதுரை வந்தார்.

"ஃபாரஸ்ட்டுல என் பேரக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க அண்ணாச்சி."

"சொன்னியா?"

"சொல்லல."

அவர் திரும்பித் தன் வள்ளத்துக்குப் போய்விட்டார். மறுநாள் மூன்று சாக்குகள் திறந்திருந்தன.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு அவரே ஒருநாள் சொன்னார்: "செத்ததையே எண்ணிக்கிட்டு இருக்கியே. உசுரோட பாக்க வேண்டாமா? நாளைக்கு வள்ளத்துல வா." பெண்களை வள்ளத்தில் ஏற்றுவது அங்கே வழக்கமில்லை. கூட வருகிற இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

முதல் பயணத்தைப் பற்றி எனக்கு எழுதிய கடிதத்தில் ஓங்கலைப் பற்றி நாலு வரிதான் இருந்தது. மீதி முழுவதும் பயம். 'வள்ளத்தின் ஓரம் இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று நினைக்கவில்லை, எனக்கு நீச்சல் தெரியாது என்று இவர்களிடம் சொல்லவில்லை, சொன்னால் இனிமேல் கூட்டிப் போக மாட்டார்கள்.' இப்படி மூன்று பக்கம். அடுத்த வாரமும் போனாள். இரண்டு வருடத்தில் நாற்பது தடவைக்கு மேல் போயிருப்பாள்.

1994 பிப்ரவரியில் ஒரு காலை. வலையை இழுக்கும்போது ஞானதுரை கையை உயர்த்தினார். வலையில் ஒரு பெண் ஓங்கல், வால் சுற்றிக்கொண்டு. உயிர் இருந்தது. பத்தடி தள்ளி அதன் குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. வலைக்குள் வருவதும் விலகுவதுமாக. தாயின் தலை தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"அறுத்துரலாம். ஆனா நேரமாகும். அதுவரைக்கும் தலை மேல நிக்கணும். யாரு பிடிக்கது?" என்றார்.

ஆண்கள் மூவரும் வலையைப் பிடித்திருந்தார்கள். விட்டால் பாரம் முழுவதும் கீழே இழுத்துவிடும். செல்லக்கனி வள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்தாள். ஒருவர் வலையை விடாமலே அவள் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, அந்தத் தாடையைத் தாங்கித் தூக்கினாள். அது திமிறியது. அவள் முகம் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. தலையின் உச்சியிலிருந்த மூச்சுத்துளை படீரென்று திறந்து அவள் முகத்திலேயே மூச்சு விட்டது. மீன் நாற்றம், சூடு. இத்தனை வருடத்தில் நூற்றுக்கு மேல் ஓங்கல்களைத் தொட்டிருக்கிறாள். சூடாக ஒன்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"என் கையில செத்துப் போயிருமோன்னு ஒரே நினைப்புதான். நான் மூழ்கிருவேன்னு தோணவே இல்ல, அது பொறவுதான் தோணுச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

பத்து நிமிடம் பிடித்திருப்பாள் என்று ஞானதுரை கணக்குச் சொன்னார். அவர் ஒரு கையால் வலையைப் பிடித்தபடியே, வாலில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசிக் கண்ணி அறுந்ததும் அந்த உடம்பு அவள் கையிலிருந்து வழுக்கிப் போனது. வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கூட வந்தவர் ஒருவர் முணுமுணுத்தார். "வலைய நான் தைச்சுக்கிடுதேன். நீ வாய மூடு" என்றார் ஞானதுரை. பிளாஸ்கிலிருந்து கடுங்காப்பி ஊற்றி அவளிடம் நீட்டினார். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவரே பிடித்துக்கொண்டு குடிக்கச் செய்தார்.

1996இல் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எந்த வலையில் ஓங்கல்கள் அதிகம் சாகின்றன என்று முதன்முதலாக அந்தக் கரைக்கு ஒரு கணக்கு இருந்தது. ஞானதுரையும் இன்னும் சில வள்ளக்காரர்களும் அந்த மாதங்களில் வலை விடும் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்தது என்றுதான் அவள் சொல்வாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். அதே நிலையத்தில் நிரந்தர வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் வள்ளத்தில் ஏறும் முன் அவளுக்குக் கை வேர்க்கும்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அந்தத் தாயையும் குட்டியையும் பற்றிப் பேச்சு வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றேன்.

"தாய் போனதப் பாத்தேன்" என்றாள். "கண்ணுல உப்புத் தண்ணி. துடைச்சிட்டுப் பாக்கதுக்குள்ள கடல் வெறுமையா கிடந்துச்சு. குட்டி அதுக்குப் பின்னாலதான் போச்சான்னு நான் பாக்கல ஜெயபாய். ஞானதுரை அண்ணாச்சி போச்சுங்கிறாரு. நான் பாக்கல."